எழுதிக் கேட்டால்தான் வரும்

சேலையூர் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஆபரேஷனுக்கு முந்தைய இரவு நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினார். "இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு, கையெழுத்துப் போடுங்க சார்." பாதிக்கு மேல் நிரப்பாத இடம். அம்மா முழு நினைவோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் போட்டுவிட்டேன்.

அங்கே இருக்க வேண்டியது என் கையெழுத்தே அல்ல, அம்மாவுடையது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையையும் சூலகங்களையும், வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, கண் விழித்தபின் அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. நஷ்டஈடு 25,000 ரூபாய்தான்; அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த பாடம் கேஸ் ஷீட். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டார்கள். மருத்துவமனையிலோ, "டிஸ்சார்ஜ் சம்மரிதான் தருவோம், ஃபைலெல்லாம் பார்ட்டிக்குக் கிடையாது" என்றார்கள். மூன்று முறை அலைந்தேன். செங்கல்பட்டு கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டு மாமா கேட்டார்: "வாயால கேட்டதுக்கு யாருப்பா சாட்சி? எழுதிக் குடு."

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். எழுதிக் கேட்ட தேதி கையில் இல்லாவிட்டால் அந்த 72 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? விதி கட்டுப்படுத்துவது மருத்துவரை. ஆகவே சிகிச்சை தந்த மருத்துவர், மருத்துவமனை நிர்வாகம் இருவர் பெயரையும் போட்டு எழுதினேன். இந்த முறை கையெழுத்து அம்மாவுடையது. கவுன்ட்டரில் நகலுக்கு சீல் போட மறுத்தார்கள். தாம்பரம் தபால் நிலையத்துக்குப் போய் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாளே போன் வந்தது, "வந்து வாங்கிக்குங்க சார்" என்று.

ஃபைலை பில்லோடு வரிவரியாக ஒப்பிட்டேன். பிசியோதெரபிக்கு ஐந்து நாள் பணம். குறிப்பில் இருந்தது இரண்டு நாள். காட்டினேன், திருப்பித் தந்தார்கள். விவரப்படி பில் கேட்பதும் நம் உரிமைதான். 2018-இல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் அது இருக்கிறது.

ஃபைலைத் தராமல் இழுத்தடித்திருந்தால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது.

புகாருக்குக் கெடு இரண்டு வருடம். ஆவணங்களைப் பாதுகாத்து வைக்க மருத்துவருக்கு விதித்திருப்பது மூன்று வருடம். உங்கள் வீட்டில் யாராவது சமீபத்தில் டிஸ்சார்ஜ் ஆகியிருந்தால், இந்த வாரமே எழுதிக் கேட்டுவிடுங்கள்.