வறட்சியிலும் இலை விடாத மரவள்ளி

மழை பொய்த்தால் மரவள்ளி பழைய இலைகளை உதிர்த்துவிடும். சாகாது, ஆனால் இலை போனால் கிழங்கு எப்படிப் பருக்கும்? வறட்சியிலும் இலையை வைத்திருக்கும் செடிகள் கூடக் கிழங்கு தருவதைக் கொலம்பியாவிலுள்ள ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

இந்தக் குணம் ஒரே மரபணுவில் இல்லை. பல சேர்ந்துதான் வருகிறது. தடி நட்டால், நம்ம வீ.பி. தேயிலை போல, தாய்ச்செடியின் குணமேதான். அதனால் பூக்களைக் கலந்து விதை எடுக்கிறார்கள். விதைத் தேயிலை மலையில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லையே, அப்படித்தான் இதுவும். நூற்றுக்கணக்கில் முளைக்கவிட்டு, வறண்ட நிலத்தில் இலையோடு நிற்பதைப் பொறுக்கி, அதன் தடியைப் பெருக்குவார்கள். வருஷக்கணக்கான வேலை!

ஒன்று கவனம்: வறட்சியில் பிடுங்கும் கிழங்கில் நஞ்சு கூடுதல். தோலுரித்து, மூடாமல் நன்றாக அவித்து, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.