‘கிரீக்’ என்பது ஓடையா, கழியா?

பஞ்சாயத்துகளுக்கு வரும் ஆங்கிலத் திட்டக் குறிப்புகளிலும், அயல்நாட்டு வேளாண்மை நூல்களிலும் ‘கிரீக்’ என்னும் சொல்லைச் சில வேளைகளில் காண்கிறோம். அகராதியில் இதற்குச் சிற்றோடை என்று ஒரு பொருளும், கடற்கழி என்று மற்றொரு பொருளும் உண்டு. ஓடை நீர் பயிரை வளர்ப்பது. கழியின் உப்பு நீர் பயிரைக் கெடுப்பது. ஆகவே, எவ்விடத்தில் எப்பொருள் என்று தெளிந்துகொள்வது இன்றியமையாததாகும்.

இங்கிலாந்தில் இச்சொல் கடல் நீர் ஏறி இறங்கும் குறுகிய கழியையே பெரும்பாலும் குறிக்கும். அந்நாட்டார் அமெரிக்காவில் குடியேறியபோது, கரையோரக் கழிகளை இப்பெயராலேயே வழங்கினர். பின்னர் அவற்றின் வழியே உள்நாட்டிற்குச் செல்லச் செல்ல, கழியில் வந்து கலக்கும் நன்னீர் ஓடைகளுக்கும் அப்பெயரே நிலைத்தது என்பர். ஆஸ்திரேலியாவிலும் ஓடை என்பதே பொருள். அந்நாட்டின் உட்பகுதியில் 1845-ஆம் ஆண்டில் சார்லஸ் ஸ்டர்ட் என்பவர் ஒரு நீண்ட நீர்வழியைக் கண்டார். அப்போது அதில் நீரோட்டம் இல்லாமையால், ஆறு என்னாது ‘கூப்பர் கிரீக்’ என்று பெயரிட்டார்.

நம் நாட்டு வழக்கு இங்கிலாந்து வழக்கை ஒத்தது. தாணே கிரீக், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் கிரீக் ஆகிய இரண்டும் கழிகளே. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றி மத்திய அரசு 1991, 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட அறிவிக்கைகளும், இச்சொல்லைக் கடல் ஏற்றவற்றம் எட்டும் நீர்நிலைகளோடு சேர்த்தே கூறுகின்றன. அவற்றின் கரைகளில் கட்டடம் எழுப்புவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. கடலின் தாக்கம் எதுவரை எட்டுகிறது என்பதை, ஆண்டின் மிக வறண்ட காலத்தில், ஆயிரம் பங்கு நீரில் 5 பங்கு உப்பு என்னும் அளவைக் கொண்டு கணிக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு அறிவிக்கை விதித்தது.

எனவே, இச்சொல்லைக் கண்டவுடன் மூன்று கேள்விகளைக் கேட்போமாக. எழுதியவர் எந்நாட்டு வழக்கைப் பின்பற்றுகிறார்? அந்நீர்வழியில் கடல் நீர் ஏறுகிறதா? கோடையில் அதன் நீர் உவர்க்கிறதா? அமெரிக்க நூலொன்று ‘கிரீக்’ நீரைப் பாசனத்திற்குத் திருப்பும் முறையைக் கூறினால், அது நன்னீர் ஓடைக்கு உரியது. அதனைக் கழிக்கரை நிலத்தில் கையாண்டால், வயலில் உப்பே மிஞ்சும்.

ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டிற்கும் நிற்க, தமிழில் ஓடை என்றும் கழி என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. பஞ்சாயத்துத் தீர்மானங்களில் ‘கிரீக்’ என்று எழுதாமல், ஓடையை ஓடை என்றும், கழியைக் கழி என்றும் சர்வே எண்ணுடன் குறிப்போமாக. பெயர் தெளிவாக இருந்தால், அந்நீர்வழியைக் காப்பதும் எளிதாகும்.