வறட்சியும் கீரைப் பயிரும் – இயக்குநீர்கள் புகட்டும் பாடம்

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகள் வானம் பார்த்த பூமியாகும். வடகிழக்குப் பருவமழையே இங்குக் கண்மாய்களையும் கிணறுகளையும் நிரப்புகின்றது. மழை பொய்க்குங்கால் முதலில் வாடுவது கிணற்றோரப் பாத்தியில் நிற்கும் கீரையே. தானியப் பயிர் சற்று வாடினும் பின்னர்த் தேறிக் கதிர் ஈனக்கூடும். கீரைக்கோ இலையே விளைச்சல். இலை சிறுத்து நாரோடிவிடின், அன்றாடம் கீரை விற்று வாழும் குடும்பத்தின் வருவாயும் நின்றுவிடும். எனவே, வறட்சியைப் பயிர் எங்ஙனம் எதிர்கொள்கிறது என்பதை அறிதல் நலம்.

பருத்தியில் கிடைத்த அமிலம்

செடியின் ஓரிடத்தில் தோன்றி வேறோர் இடத்தில் செயற்படும் நுண்ணிய வேதிப்பொருள்களை இயக்குநீர்கள் என்கிறோம். அவற்றுள் ஒன்றை 1963இல் அமெரிக்க அறிஞர் அடிகாட் குழுவினர் இளம் பருத்திக் காய்களிலிருந்து பிரித்தெடுத்தனர். 1967இல் அதற்கு அப்சிசிக் அமிலம் என்னும் பெயர் நிலைபெற்றது. கரிசல் நிலத்தார் நன்கறிந்த பருத்தியே இவ்வுண்மையை உலகிற்குக் காட்டியது!

நிலம் காய்ந்து செடியில் நீர் குன்றும்போது இவ்வமிலம் பெருகுகின்றது. இலைத்துளைகளைக் காக்கும் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, நீரும் உடன் வெளியேறுகிறது. செல்கள் தளர்ந்து துளைகள் மூடுகின்றன. நீரிழப்புக் குறைகிறது. ஆயினும் அத்துளை வழியே நுழைய வேண்டிய கரியமில வாயுவும் தடைபடுகிறது, வளர்ச்சி குன்றுகிறது. உயிர் பிழைத்தலும் இலை விளைச்சலும் முரணுவது இங்கேதான்.

இலையின் இளமை

1955இல் மில்லர், ஸ்கூக் முதலியோர் கண்டறிந்த கைனெடின், சைட்டோகைனின் வகையைச் சார்ந்தது. இவ்வகை இயக்குநீர் இலையின் பச்சையத்தைக் காத்து முதுமையைத் தள்ளிப்போடுகிறது. வறட்சியில் வேரிலிருந்து இதன் வரத்துக் குறைவதும் இலை பழுப்பதற்கு ஒரு காரணமாகும்.

அரைக்கீரையை ‘அறுகீரை’ என்றும் வழங்குவர். அறுக்க அறுக்கத் தழைப்பது அது. நுனியை அறுத்தால் அங்கிருந்து இறங்கும் ஆக்சின் நிற்கிறது. சைட்டோகைனின் துணையால் பக்க மொட்டுகள் விழிக்கின்றன. மக்கள் இட்ட பெயரிலேயே ஓர் அறிவியல் உண்மை அடங்கியுள்ளது.

செய்யத்தக்கவை

ஜிப்ரலின் இலையை நீட்டும். நீர்த் தேவையையும் கூட்டக்கூடும். அப்சிசிக் அமிலமோ விலை மிக்கது, ஒளியில் சிதைவது. ஆதலின் கண்ட மருந்தைத் தெளித்தல் தகாது. சைட்டோகைனின் சுரக்கும் இளஞ்சிவப்பு மெத்தைலோபாக்டீரியா நுண்ணுயிர்க் கலவையை வறட்சிக் காலத் தெளிப்பாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கின்றது. அதனைப் பூச்சிமருந்துடன் கலவாது, காலையிலோ மாலையிலோ தெளிக்க வேண்டும். கீரை நேரே உணவாவதால், அளவையும் அறுவடைக்குமுன் விடவேண்டிய நாளையும் வேளாண் அலுவலரிடம் கேட்டறிதல் கடமை.

முடிவுரை

எந்த இயக்குநீரும் நீருக்கு ஈடாகாது. இருக்கும் நீரைச் செடி செட்டாகச் செலவிட அது துணைசெய்யும், அவ்வளவே. பாத்தியில் மூடாக்கு, தொழுவுரம், மாலைநேரப் பாசனம் ஆகியவற்றோடு இணையும்போதே அத்துணை பயன் தரும். வறட்சி தாங்கும் பருப்புக்கீரையையும் ஒரு பாத்தியில் வளர்த்தால், கிணறு வற்றும் நாளிலும் கூடை வெறுமையாகாது.