பழைய நோட்டு சேகரிப்பு: விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விழுப்புரத்திலிருந்து வளவனூர் தாண்டி மதகடிப்பட்டுக்குள் நுழைந்தால், 1954 அக்டோபர் வரை அது பிரெஞ்சு ஆட்சி. அங்கே இந்தோசீனா வங்கி புதுச்சேரிக்கென்றே ரூபாய் நோட்டு வெளியிட்டது. இந்தப் பக்கம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட நோட்டு. ஆகவே நம் ஊர்ப் பெட்டிகளில் இரண்டுமே கிடைக்க வாய்ப்புண்டு.

முதல் படி: ஜார்ஜ் நோட்டில் தொடங்குங்கள்

எடுத்த எடுப்பில் பிரெஞ்சு நோட்டுக்கு ஆசைப்படாதீர்கள். சின்னப் பிரதேசத்துக்கு அடித்த நோட்டு. கிடைப்பது அரிது, விலையும் அப்படியே. ஆறாம் ஜார்ஜின் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் போதும். கண் பழகட்டும்.

இரண்டாம் படி: கையெழுத்தைப் படியுங்கள்

ரிசர்வ் வங்கியின் முதல் நோட்டு 1938 ஜனவரியில் வந்த ஐந்து ரூபாய். ஜார்ஜ் படம் போட்ட இந்த வங்கி நோட்டுகளில் ஆண்டு இருக்காது. கவர்னர் கையெழுத்துதான் துப்பு: டெய்லர் என்றால் 1943 வரையிலான காலம், தேஷ்முக் என்றால் அதற்குப் பிந்தையது. ஒரு ரூபாய் மட்டும் வேறு சாதி. அது அரசாங்க நோட்டு; 1940 என்று ஆண்டு போட்டதில் நிதித்துறையின் ஜோன்ஸ் கையெழுத்திட்டிருப்பார். ஒரு ரூபாய் நோட்டே முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1917இல் பிறந்ததுதான்.

மூன்றாம் படி: வெளிச்சத்தில் பிடியுங்கள்

நீர்க்குறியில் மன்னர் தலை தெரிய வேண்டும். ஓரத்தில் பின் குத்திய ஓட்டை இருந்தால் பதறாதீர்கள். கட்டுகளைப் பின் போட்டு வைப்பது அந்தக் கால வழக்கம். கழுவி இஸ்திரி போட்ட நோட்டுதான் ஆபத்து. பளபளவென்று இருக்கும், ஆனால் தாளில் மொடமொடப்பு இருக்காது. அச்சின் மேடு பள்ளமும் விரலில் தட்டுப்படாது. என்னைக் கேட்டால், மடிப்பு விழுந்த நேர்மையான நோட்டே மேல்.

நான்காம் படி: வாங்குமிடம்

புதுச்சேரி ஞாயிறு சந்தையைச் சுற்றிப் பாருங்கள். பழைய நோட்டுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். தன் பெயரில் நடக்கும் இந்த மோசடி பற்றி 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. விலை விவரத்துக்கும் வகை எண்ணுக்கும் ரெஸ்வான் ரசாக்கும் கிஷோர் ஜுன்ஜுன்வாலாவும் எழுதிய இந்தியக் காகிதப் பணக் கையேடு உண்டு. பிரெஞ்சு நோட்டு வாங்கும் நாள் வந்தால், போலியென்று தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாக பில்லில் எழுதித் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள்.

ஐந்தாம் படி: பத்திரம்

லேமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டவே வேண்டாம். மெத்தென்ற மலிவு பிளாஸ்டிக் உறைகளும் காலப்போக்கில் பிசுபிசுத்து நோட்டில் ஒட்டும்; சேகரிப்பாளர் கடைகளில் விற்கும் பாலியெஸ்டர் உறையே சரி. கடற்காற்று ஈரமும் ராமபாணப் பூச்சியும் நம் பக்கத்து எதிரிகள். ஆல்பத்தைச் சுவரலமாரியின் அடித்தட்டில் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் ஒரு முறை திறந்து பாருங்கள். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள், மை வெளுத்துவிடும்.