பனி விழாத ஊரில் பனிமய மாதா: ஒரு திருவிழாவைப் பாடமாக்குதல்

ஆறாம் வகுப்பில் பன்முகத்தன்மை பற்றி நடத்தும்போது நம்மில் பலரும் கரும்பலகையில் ஓர் அட்டவணை போடுகிறோம். ஒரு பக்கம் சமயம், மறுபக்கம் பண்டிகை. கிறித்தவம் என்றால் கிறிஸ்துமஸ், அதோடு முடிந்தது. தேர்வுக்கு அது போதும். ஒரு திருவிழா தன் ஊரின் வரலாற்றை எப்படிச் சுமக்கிறது என்பது அதில் தெரியாது. கடலைப் பார்க்காத உத்திரமேரூர்ப் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட, தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா பொருத்தமானது.

ஆண்டுதோறும் ஜூலை 26-இல் கொடியேற்றம். ஆகஸ்ட் 5-இல் பெருவிழா. அன்று அந்த மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். (இதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.) பாடத்தைப் பெயரிலிருந்தே தொடங்கலாம்: பனி பெய்யாத தூத்துக்குடியில் மாதாவுக்கு ஏன் இந்தப் பெயர்? பிள்ளைகள் மார்கழிப் பனியைச் சொல்வார்கள். சொல்லட்டும். பிறகு வரைபடத்தில் ரோமைக் காட்டுங்கள். நான்காம் நூற்றாண்டில், கடும் கோடையில், அங்குள்ள ஒரு குன்றில் பனி பெய்ததாகவும், அந்த இடத்தில் மரியாவுக்குக் கோயில் எழுந்ததாகவும் மரபுக்கதை உண்டு. ரோமில் இன்றும் ஆகஸ்ட் 5 அன்று பேராலயத்தின் உட்கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்கள் தூவப்படுகின்றன.

அடுத்து ஒரு கேள்வி வரும்: "அப்போ இது வெளிநாட்டுச் சாமியா சார்?" இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள், முத்துக்குளிப்பு உரிமையில் எழுந்த மோதலின்போது போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர், திருமுழுக்கும் பெற்றனர். அரசியல், தொழில், நம்பிக்கை மூன்றும் அதில் கலந்திருந்தன. அதை மறைக்கவும் வேண்டாம், குத்திக்காட்டவும் வேண்டாம். வகுப்பில் ஒரே ஒரு கிறித்தவ மாணவி இருந்தால் அவளை எழுப்பி "நீ சொல்லும்மா" என்று கேட்காதீர்கள். ஒரு சமயம் முழுவதற்கும் பதில் சொல்லும் பொறுப்பு பதினொரு வயதுப் பிள்ளைக்கு உரியதல்ல.

கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி தேரில் இருக்கிறது. மாதாவுக்குத் தங்கத்தேர் முதன்முதலில் 1806-இல் ஓடியது. ஆண்டுதோறும் அது ஓடுவதில்லை. அண்மையில் 2013-இலும் 2023-இலும் ஓடியது. மற்ற ஆண்டுகளில் சப்பரப் பவனி. கொடியேற்றம், சப்பரம், தேர், வடம் ஆகிய சொற்களைப் பலகையில் எழுதி, இவற்றை எங்கே கேட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாளின் வைகாசித் தேரைப் பார்த்த பிள்ளைகள் உடனே கைதூக்குவார்கள்.

ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு இன்னொரு படி ஏறலாம். தூத்துக்குடியிலுள்ள மாதா சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது ஆலய மரபு. ஸ்பானியர் மணிலாவைத் தம் தலைநகராக்கியதோ 1571-இல். இப்போதுள்ள ஆலயம் 1713-இல் எழுந்தது. 1982-இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. இவற்றில் எது மரபு, எது ஆவணம் என்று மாணவர்களே பிரிக்கட்டும். ரோமின் பனிக்கதைக்கும் இதே கேள்வி பொருந்தும்: இன்றுள்ள பேராலயம் எழுந்தது ஐந்தாம் நூற்றாண்டில்தான். நம் தலபுராணங்களுக்கும் இதே அளவுகோல்தான். ஒன்றுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தினால் பாடம் கெட்டுவிடும். மரபு பொய் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையும் நமக்கில்லை. மக்கள் எதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்பதற்கு மரபே சான்று.

இந்த வேறுபாட்டை உணர்த்த உத்திரமேரூர் ஆசிரியருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைகுந்தப் பெருமாள் கோயில் இருக்கிறது. குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் கல்வெட்டுகள் தம் ஆட்சியாண்டுகளைத் தாமே சொல்கின்றன: 12, 14. அவை கி.பி. 919, 921. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னர், தம் ஊர்த் திருவிழா ஒன்றைப் பற்றி நோட்டில் மூன்று பத்திகளில் எழுதட்டும்: கண்ணால் பார்த்தது, பாட்டி சொன்னது, கல்லிலோ தாளிலோ எழுதியிருப்பது. மூன்றாம் பத்தி காலியாக இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.