வேன் எடுத்து தனுஷ்கோடி: வாடகையைப் பேசும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்க

ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் கேம்பர்வேன் எடுத்துச் சுற்றுகிற வீடியோக்களை இப்போ நிறைய பேர் பார்க்கிறோம். வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு வண்டியோடு கப்பலில் ஏறி இறங்குறாங்க. வண்டி நீளமாக இருந்தால் அங்கே கப்பல் கட்டணமும் கூடும். நமக்கு அந்தச் செலவு இல்லை. நம்ம தீவுக்கு 1988-லேயே ரோட்டுப் பாலம் திறந்தாச்சு.

லீவுக்கு ஊருக்கு வரும்போது இதையே நம்ம பக்கம் செய்யலாமே என்று யோசிப்பவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஆறு நண்பர்கள், திருச்சுழியிலிருந்து ஒரு வேன், கமுதி, முதுகுளத்தூர், ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம், அங்கிருந்து தனுஷ்கோடி, அரிச்சல்முனை. இரண்டு நாள்.

முதலில் ஒரு தோராயக் கணக்கு. போய்வர, உள்ளே சுற்ற எல்லாம் சேர்த்து 400 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர், டீசல் 95 ரூபாய் என்று போட்டால் 3,800. வண்டி வாடகை நாளுக்கு 2,500 வீதம் 5,000. சாப்பாடு ஒருவருக்கு நாளுக்கு 400 என்றால் 4,800. ரூம் 3,000. மொத்தம் 16,600. தலைக்கு 2,770 ரூபாய்க்குள் முடியும். உங்க ஊர் ரேட்டைப் போட்டு மாத்திக்குங்க.

"ரூம் எதுக்கு, வேன்லயே படுத்துக்கலாமே?" என்று தோணும். தனுஷ்கோடியில் அது நடக்காது. சாயங்காலமானால் எல்லாரையும் திருப்பி அனுப்பிடுவாங்க. அங்கே பெட்ரோல் பங்கும் கிடையாது, ராமேஸ்வரத்திலேயே டீசல் நிரப்பிக்கணும்.

இனிதான் முக்கியமான விஷயம். ஊரில் வாடகை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஓன் போர்டு வண்டி, அதாவது வெள்ளை பிளேட்டில் கறுப்பு எழுத்து. அதை வாடகைக்கு விட பெர்மிட் கிடையாது. டிரைவரோடு வருகிற வாடகை வண்டிக்கு மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருக்கணும். நாமே ஓட்டுகிற வாடகை வண்டிக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து. நாளுக்கு 500, 1,000 மிச்சம் என்று வெள்ளை பிளேட்டை எடுத்தால் என்ன ஆகும்?

தனியார் வண்டி பாலிசியை எடுத்துப் படிச்சுப் பாருங்க. வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் செல்லாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கும். விபத்து நடந்து, வாடகை கொடுத்தது தெரிந்தால் வண்டி ரிப்பேர் கிளெய்மை நிராகரிக்கலாம். மூன்றாம் நபருக்கு அடிபட்டிருந்தால் கோர்ட் பல நேரம் "முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு ஓனரிடம் வசூலிக்கட்டும்" என்று உத்தரவிடும். அந்த நஷ்டஈடு லட்சங்களில் போகும். ஓனர் உங்க சித்தப்பா மகனாக இருந்தால் அதோடு உறவும் போச்சு. கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடான 15 லட்சமும் ஓனர்-டிரைவருக்குத்தான். இரவல் வாங்கி ஓட்டுகிற உங்களுக்கு இல்லை.

நண்பர் சும்மா கொடுக்கிறார், டீசல் மட்டும் நாம போடுறோம் என்றால் அது வாடகை இல்லை. ஆனாலும் பாலிசி பேக்கேஜா, வெறும் தேர்ட் பார்ட்டியா என்று கேளுங்க. தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் உள்ளே உட்கார்ந்திருக்கிற உங்க ஆறு பேருக்கும் அதில் பாதுகாப்பு கிடையாது.

சீட்டைக் கழற்றிக் கட்டில் அடிப்பதும் வேண்டாம். ஆர்டிஓ அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால் அதுவே தனிப் பிரச்சினை. கேஸ் அடுப்பு? 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ஸ்டேஷனில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தாங்க. லக்னோவிலிருந்து வந்து ராமேஸ்வரம் போக இருந்தவங்க. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். மூடின வேனுக்குள் சிலிண்டர் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். டீயை ரோட்டோரக் கடையில் குடிங்க.

கடைசியாக, சம்பளத்தில் எல்டிஏ வாங்குறவங்களுக்கு. புது வரி முறையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது, இந்தப் பத்தியை விட்டுடலாம். பழைய முறை என்றால், நான்கு காலண்டர் வருடத்தில் இரண்டு பயணத்துக்கு விலக்கு உண்டு. இப்போதைய பிளாக் 2026 முதல் 2029 வரை. போன பிளாக்கில் மிச்சம் வைத்த ஒரு பயணத்தை 2026-க்குள் போயிடணும். வேன் பில் முழுவதையும் கிளெய்ம் பண்ண முடியாது. திருச்சுழியிலும் ஸ்டேஷன் இருக்கு, ராமேஸ்வரத்திலும் இருக்கு. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தாச்சு. ரயில் இருக்கிற ஊருக்கு ரோட்டில் போனால், குறுகிய பாதைக்கான ஃபர்ஸ்ட் கிளாஸ் ஏசி ரயில் கட்டணம்தான் உச்சவரம்பு. அதுவும் உங்களுக்கும் உங்க குடும்பத்துக்கும் மட்டும். நண்பர்களின் பங்கு, ரூம், சாப்பாடு எதுவும் சேராது. ஆபீஸில் லீவு போட்டிருக்கணும், பில்லும் இருக்கணும். வெள்ளை பிளேட் வண்டிக்காரர் உங்களுக்கு எந்தப் பில்லைக் கொடுப்பார்?