குறைவும் நிறைவும்

கடோபநிஷதம் ஒரு யாகத்துடன் தொடங்குகிறது. வாஜசிரவஸர் தம் உடைமைகள் அனைத்தையும் தானமாக வழங்க வேண்டிய யாகம் ஒன்றைச் செய்கிறார். தானமும் நடக்கிறது. ஆனால் ஓட்டிச் செல்லப்படும் பசுக்களைப் பார்த்த சிறுவன் நசிகேதனின் உள்ளம் துணுக்குறுகிறது. இனி நீர் அருந்தவோ, புல் மேயவோ, பால் சுரக்கவோ, கன்று ஈனவோ திறனற்ற பசுக்கள் அவை.

வாஜசிரவஸரைக் கஞ்சர் என்று சொல்லிவிட்டு அடுத்த மந்திரத்திற்குச் சென்றுவிடலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சென்றேன். ஆனால் அவர் கொடுக்க மறுத்தவர் அல்லர், கொடுத்தார். கொடுக்கும்போதே 'நாளை எனக்கு என்ன மிஞ்சும்?' என்ற கேள்வி அவர் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் இந்தப் பகுதியை வகுப்பில் விளக்கியபோது, தையற்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். "சுவாமிஜி, என் கடையிலும் அந்தப் பசுக்கள் உண்டு" என்றார். எட்டு ஆண்டுகளாக ஒரு பையன் அவரிடம் வேலை செய்கிறான். காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் அடிப்பது எல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டார். துணியை அளந்து வெட்டுவதை மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. வெட்டத் தெரிந்துவிட்டால் அவன் தனிக்கடை வைத்துவிடுவான், வாடிக்கையாளர்களும் அவன் பின்னே போய்விடுவார்கள் என்ற பயம். கத்திரியை எடுக்கும் நேரத்தில் அவனைத் தேநீர் வாங்கிவர அனுப்பிவிடுவாராம். "இராத்திரி தூக்கம் வருவதில்லை" என்றும் சொன்னார்.

இந்த மனநிலைக்கு நிர்வாகவியல் ஒரு பெயர் வைத்திருக்கிறது. அமெரிக்கரான ஸ்டீபன் கோவி 1989-இல் வெளியிட்ட 'ஏழு பழக்கங்கள்' பற்றிய நூலில் இருவகை மனங்களைக் குறிப்பிடுகிறார். உலகில் இருப்பது ஒரே ஓர் அப்பம்; அடுத்தவன் பெரிய துண்டை எடுத்தால் என் பங்கு சிறுத்துவிடும் என்று கருதுவது ஒன்று. எல்லோருக்கும் போதுமான அளவு இருக்கிறது, இன்னும் ஆக்கவும் முடியும் என்று கருதுவது மற்றொன்று. இச்சொற்களைத் தமிழாக்க முயன்றபோது முதலாவதற்குப் 'பற்றாக்குறை மனம்' என்று தயங்காமல் எழுதிவிட்டேன். இரண்டாவதுதான் படுத்தியது. மிகுதி, ஏராளம், செழிப்பு என்று எழுதி எழுதி அடித்தேன். அவையெல்லாம் பொருளின் அளவைச் சொல்பவை. இங்கே பேசப்படுவதோ மனத்தின் இயல்பு. இறுதியில் 'நிறைவு' என்ற சொல்லில் வந்து நின்றேன். மிகுதி உடையவனிடமும் நிறைவு இல்லாமற்போகலாம் என்பதைத் தமிழே நமக்குப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

ஆனால் இதைக் கொண்டு ஒரு வியாபாரமும் நடக்கிறது. 'செல்வந்தனாக எண்ணிக்கொள், செல்வம் தேடி வரும்' என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் வகுப்புகள் பெருகியுள்ளன. அவற்றை என்னால் ஏற்க முடியவில்லை. இல்லாமை வெறும் எண்ணமன்று. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் தமிழகத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. கரும்புப் பணம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை கைக்கு வருவது. அறுவடைக்கு முன் கடனும் அடகுமாக இருக்கும் மாதங்களில் ஒருமுறையும், பணம் வந்த பின் ஒருமுறையும் அதே மனிதர்களுக்குச் சிந்தனைத் திறன் சோதனைகள் கொடுக்கப்பட்டன. அறுவடைக்குப் பின் அவர்கள் தெளிவாகவும் விரைவாகவும் விடையளித்தார்கள். மனிதரும் அவரே, மூளையும் அதுவே. முன்பு கவலை அதன் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவரிடம் போய் 'நிறைவாக எண்ணுங்கள்' என்று உபதேசிப்பது கொடுமை. அவருக்கு முதலில் வேண்டியது காலத்தில் கிடைக்கும் பணம்.

தையற்கடை அன்பரின் நிலை வேறு. அவர் கடையில் வேலைக்குக் குறைவில்லை. பண்டிகைக் காலத்தில் துணிகளைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு வேலை. அறுவடை முடிந்த பின்னும் அறுவடைக்கு முந்தைய மனத்தோடே வாழ்ந்துகொண்டிருந்தார்.

தைத்திரீய உபநிஷதத்தின் பிருகுவல்லி இவ்விடத்தில் நமக்கு உதவும். அன்னத்தைப் பெருக்குவதை விரதமாகக் கொள் என்கிறது அது. உடனடுத்து, தங்க வந்தவர் எவரையும் மறுக்காதிருப்பதையும் விரதமாகக் கொள் என்கிறது. ஆகவே நிறைய அன்னம் ஈட்ட வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. இந்த 'ஆகவே' கவனத்திற்குரியது. வருபவரை மறுக்கக் கூடாது என்பதால்தான் ஈட்ட வேண்டும். அன்னம் ஏராளமாக இருப்பதாகப் பாவனை செய் என்று உபநிஷதம் கூறவில்லை. உழைத்துப் பெருக்கச் சொல்கிறது.

அதே மும்பையில் இந்த விரதம் ஏட்டை விட்டு இறங்கி வந்த கதை ஒன்று உண்டு. 1959 மார்ச் 15 அன்று கிர்காவ் பகுதியில் ஜஸ்வந்திபென் போபட் உள்ளிட்ட ஏழு பெண்கள் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் அப்பளம் இட்டார்கள். முதல், கடனாகப் பெற்ற 80 ரூபாய். அன்று தேறியது நான்கு பொட்டலங்கள். நட்டமே வந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டார்கள். முதல் ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதங்கள் வேலை நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள்; கட்டிலின் மேல் அப்பளம், அடியில் அடுப்பு.

நான் அதிகம் வியப்பது இதற்கு அடுத்த கட்டத்தை. மூன்றாம் ஆண்டுக்குள் உறுப்பினர்கள் 300-ஐத் தாண்டினர், மாடியில் இடமில்லை. 'இனி ஆள் சேர்ப்பதில்லை' என்று சொல்லியிருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களோ பிசைந்த மாவைப் பெண்களின் வீட்டுக்கே கொடுத்தனுப்பி, இட்ட அப்பளத்தை நிறுத்து வாங்கிக்கொண்டார்கள். இடப்பற்றாக்குறை அங்கே தீர்ந்தது. லிஜ்ஜத் என்று நாடறிந்த அந்த அமைப்பில் இன்று 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள். ஒவ்வொருவரும் அதன் உரிமையாளர். ஜஸ்வந்திபென்னுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இதை அந்த அன்பரிடம் சொன்னபோது அவர் உடனே மடக்கினார். "அங்கே எல்லோரும் பங்காளிகள் சுவாமிஜி. இங்கே அவன் என் எதிரிலேயே கடை போடுவான்." நியாயமான கேள்வி. போடலாம்தான் என்று ஒப்புக்கொண்டேன். "ஆனால் எட்டு ஆண்டுகள் தேநீர் வாங்கப் போனவன், வெட்டத் தெரியாமலேயே ஒருநாள் போய்விட மாட்டானா?" என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லாமல் வணங்கிவிட்டுப் போனார்.

பழைய செய்தித்தாளை விரித்து அவனை வெட்டிப் பழகச் சொன்னதாகப் பின்னர் எழுதியிருந்தார். அவர் பயந்தபடியே இரண்டு ஆண்டுகளில் பையன் அடுத்த தெருவில் கடை வைத்தான். வாடிக்கையாளர்கள் சிலர் அவனோடு போனார்கள், திரும்பவில்லை. தீபாவளிக்கு முன் தம்மால் முடியாத துணிகளை இப்போது அவனிடம் அனுப்புகிறார். பள்ளிச் சீருடைகளை இருவரும் சேர்ந்து எடுத்துத் தைக்கிறார்கள். சென்ற முறை பார்த்தபோது, தூக்கம் வருகிறதா என்று விசாரித்தேன். வருகிறது என்றார். போன வாடிக்கையாளர்களின் பெயர்கள் மட்டும் இன்னும் வரிசையாக நினைவிருப்பதாகச் சொல்லிவிட்டு, அவரே சிரித்தார்.